அட்டைப் பேட்டரி

அம்மாவின் மோட்டார் சைக்கிளுக்குக் காண்டாமிருகம் என்று பெயர் வைத்தவர் அப்பா. சாம்பல் நிறம், தடித்த உடம்பு, முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் ஒற்றை விளக்கு. "கொம்பு ஒண்ணுதான் குறைச்சல்" என்பார்.

அதே வீட்டில் கோட்டான் என்று ஒரு பெயரும் உண்டு. அது பத்து வயது மகளுக்கு. பெரிய கண்களை அகல விரித்து எதையாவது பார்த்துக்கொண்டே இருப்பாள். லேசில் பேச மாட்டாள். ஏதாவது கேட்டால் பதில் வரும். ஆனால் கேட்டவர் போய் முகம் கழுவிக்கொண்டு வந்த பிறகுதான் வரும்.

உலகத்திலேயே கோட்டானுக்குப் பிடித்த இடம் காண்டாமிருகத்தின் பின்சீட்டு. அம்மா வீடு வீடாகப் போய்த் தையல் மிஷின் பழுது பார்ப்பவர். விடுமுறை நாட்களில் அவளையும் கூட்டிக்கொண்டு போவார். போகிற வழியெல்லாம் அம்மாவும் பேச மாட்டார், அவளும் பேச மாட்டாள். எஞ்சின் மட்டும் இருவருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டு வரும். "ஏன் உம்முன்னு இருக்கே?" என்று யாரும் கேட்காத ஒரே இடம் அதுதான்.

இப்போது அந்தச் சீட்டுக்கு ஆபத்து வந்திருந்தது.

பழைய வண்டி என்றால் அதை வாகன அலுவலகத்தில் காட்டி, சாலையில் ஓட்டலாம் என்று சான்றிதழ் வாங்க வேண்டும். போன வாரம் அம்மா கொண்டுபோய்க் காட்டினார். ஆய்வாளர் ஹார்ன் பொத்தானை அழுத்தினார். சத்தம் வரவில்லை. இன்னொரு முறை அழுத்தினார். கொசு இருமியது போல உள்ளே ஏதோ கேட்டது.

"பேட்டரி போயிடுச்சும்மா. மாத்திட்டு அடுத்த வாரம் வாங்க. அதுதான் கடைசி" என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கடைசி, நாளைக் காலை பத்து மணி.

"அதுலயும் தேறலைன்னா வண்டியக் கொடுத்துடலாம். நான் பஸ்ஸுல போய்க்கறேன்" என்று நேற்று அம்மா சொன்னார்.

"அந்தக் கருவிப் பையத் தூக்கிட்டா? அதுக்குத் தனியா ஒரு டிக்கெட் கேப்பாங்க" என்றார் அப்பா.

அம்மா சிரிக்கவில்லை. கோட்டான் அதைக் கவனித்தாள்.

இன்று காலை அம்மா அவசரமாகக் கிளம்பினார். ஒரு தையல் பட்டறையில் ஆறு மிஷின்கள் ஒரே நேரத்தில் நின்றுவிட்டனவாம். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் வந்து தன் வண்டியில் கூட்டிப் போனார். போவதற்கு முன் அம்மா, பின்வாசலில் இருந்த ஓட்டை வாளியைக் காட்டினார்.

"பழைய பேட்டரியக் கழட்டி இதுல வச்சிருக்கேன். ஆடாம இருக்கச் சுத்திப் பழைய பேப்பர் திணிச்சிருக்கேன். அப்பா எழுந்ததும் சொல்லு. இதைக் கடையில காட்டி, இதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வரணும். நீ தொடாதே. ஆசிட் இருக்கு."

கோட்டான் தலையாட்டினாள்.

அப்பாவுக்கு ரொட்டிக் கடையில் இரவு வேலை. பத்து மணிக்குத்தான் எழுந்தார். கோட்டான் சொல்லப் போனாள். அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்து முடிக்கட்டும் என்று நின்றாள். பிறகு அவர் வீட்டைப் பெருக்கிக்கொண்டே பாட ஆரம்பித்தார். பாட்டு முடியட்டும் என்று காத்திருந்தாள். பாட்டு முடியவில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருந்தது. அவள் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பதினொரு மணிக்குப் பின்வாசலுக்குப் போனபோது வாளி இருந்த இடத்தில் ஒரு ஈர வட்டம் மட்டும் இருந்தது.

"அப்பா, வாளி எங்க?"

"அந்த ஓட்டை வாளியா? பழைய பேப்பர்காரர் வந்தார். பேப்பர், வாளி, எல்லாத்தையும் தள்ளிவிட்டுட்டேன். வீடு எப்படி இருக்கு பாரு." அப்பா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றார். "ஆனா ஒண்ணு. பழைய பேப்பர் அவ்வளவு கனக்கும்னு எனக்கு இத்தனை நாள் தெரியாது. தூக்கும்போது அவரே அசந்துட்டார்."

கோட்டான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

அப்பாவின் கையிலிருந்த துடைப்பம் கீழே விழுந்தது. இருவரும் தெருமுனைவரை ஓடினார்கள். அங்கே சாலை இரண்டாகப் பிரிந்தது. இரண்டிலும் பழைய பேப்பர் வண்டி இல்லை. அம்மாவுக்குப் போன் போட்டார்கள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பட்டறையின் சத்தத்தில் அம்மாவுக்குக் கேட்காது. வழக்கமாக வண்டி பார்க்கும் மெக்கானிக்கின் கடை பூட்டிக் கிடந்தது.

"ஏம்மா, முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" அப்பா திட்டவில்லை. அதனாலேயே அது இன்னும் அதிகமாக வலித்தது.

"நீங்க பாடிட்டு இருந்தீங்க."

"அதுக்குள்ள குறுக்க பேச மனசு வரலையா? அவ்வளவு நல்லாவா பாடினேன்?"

கோட்டானுக்கு அழுகை முட்டியது. அதை விழுங்கினாள். அழ ஆரம்பித்தால் முடிக்கக் கொஞ்ச நேரமாகும். அந்த நேரம் இப்போது இல்லை.

"பேட்டரிக் கடைக்குப் போலாம்பா" என்றாள்.

பேட்டரிக் கடை மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம். பஸ்ஸில் இரண்டு நிறுத்தம். கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"வாங்க. என்ன வண்டி?"

"சாம்பல் கலர்" என்றார் அப்பா.

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "கலரைக் கேக்கலைங்க. என்ன வண்டி, எந்த வருஷம்?"

அப்பா சொன்னார். கடைக்காரர் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் விரலை ஓட்டினார். விரல் கடைசி வரிவரை போய், சுவரையும் தாண்டிக் காற்றில் நின்றது.

"இதுல இல்லையே. இதெல்லாம் இந்தப் பட்டியல் பொறக்கறதுக்கு முன்னாடி வந்த வண்டி. பழைய பேட்டரியக் கொண்டாந்திருக்கீங்களா?"

"அது வந்து... கொஞ்சம் முன்னாடிதான் கிளம்பிப் போச்சு."

"வண்டியவாவது தள்ளிட்டு வாங்க. பாத்துடலாம்."

"மேம்பாலம் ஏறணுமே. பாதியிலேயே என் பேட்டரி தீர்ந்துடும்."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு பேட்டரியை எடுத்து மேசை மேல் வைத்தார். "ஒண்ணு பண்ணுங்க. இருக்கறதுலயே பெரிசா இதை எடுத்துட்டுப் போங்க. குத்துமதிப்பா சரியா இருக்கும்."

அப்பா பையைத் திறந்தார்.

கோட்டான் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்குள் வந்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசையாகப் பேட்டரிகள். பார்க்க எல்லாம் ஒன்று போல இருந்தன. ஆனால் இல்லை. சில குட்டை, சில நெட்டை. பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு, உயரத்திலும் அகலத்திலும் அண்ணன் தம்பி போல ஒரே மாதிரி. ஆனாலும் ஏதோ ஒன்று இடித்தது. என்னவென்று தெரியும்வரை அவள் பார்த்தாள்.

"இதுல பிளஸ் இந்தப் பக்கம் இருக்கு. அதுல ஏன் அந்தப் பக்கம் இருக்கு?"

கடைக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். அவர் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான் போலிருக்கிறது. "அட, இங்கதான் இருந்துச்சா" என்று முணுமுணுத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"நல்ல கேள்வி. சில வண்டியில பிளஸ் வயர் இடப்பக்கம் வரும், சிலதுல வலப்பக்கம். மாத்தி வாங்கினா வயர் எட்டாது. உன் வண்டியில எந்தப் பக்கம்?"

கோட்டானுக்கு அது தெரியாது.

"வோல்ட்டு எவ்வளவு? ஆறா, பன்னிரண்டா?"

அதுவும் தெரியாது.

"பேட்டரி உக்கார்ற தட்டு எவ்வளவு நீளம்?"

தெரியாது. ஆனால் அளக்கலாம். கோட்டான் அப்பாவின் சட்டையை இழுத்தாள். "இப்ப வாங்க வேண்டாம்பா. வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வந்துடலாம்."

கடைக்காரர் எடுத்து வைத்த பேட்டரியைத் திருப்பி அலமாரியில் வைத்தார். "அதுதான் சரி. ஆனா மூணு மணிக்குள்ள வந்துடணும். புது பேட்டரிக்கு ஆசிட் ஊத்தி, அஞ்சு மணி நேரம் சார்ஜ் போடணும். எட்டு மணிக்கு நான் கடையப் பூட்டிடுவேன்."

வாசல்வரை போன கோட்டான் திரும்பி வந்தாள். "எந்த வயர் பிளஸ்னு எப்படித் தெரியும்? சிவப்பா இருக்குமா?"

"பழைய வண்டியில எல்லாம் அழுக்கேறிக் கறுப்பாத்தான் இருக்கும். உங்க வண்டி மாதிரி வண்டியில ஒரு வயர் வண்டியோட இரும்பு உடம்புல போய் முடியும். அது மைனஸ். இன்னொண்ணு ஃபியூஸுக்குப் போகும். அது பிளஸ்."

அவள் தலையாட்டினாள். பிறகும் போகவில்லை.

"இன்னும் என்ன?"

"இடப்பக்கம்னா, எங்க நின்னு பாத்தா இடப்பக்கம்?"

கடைக்காரர் அப்பாவைப் பார்த்தார். "இதை என்கிட்ட யாருமே கேட்டதில்லைங்க. அதனாலதான் பாதிப் பேர் மாத்தி வாங்கிட்டுப் போய்த் திரும்பி வர்றாங்க." பேட்டரி ஒன்றைத் திருப்பிக் காட்டினார். "இந்த ரெண்டு முனையும் உன்னப் பாத்து இருக்கணும். அப்ப உன் இடது, உன் வலது."

வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை. கோட்டான் ஒரு நாணயத்தால் காண்டாமிருகத்தின் பக்கவாட்டு மூடியைத் திருகித் திறந்தாள். உள்ளே ஒரு காலியான இரும்புத் தட்டு. ரப்பர் பட்டை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வயர்கள், இரண்டும் கறுப்பு.

அப்பா டார்ச் அடித்தார். அவள் அளவுகோலை விட்டு அளந்தாள். நீளம் பதினான்கு சென்டிமீட்டர். அகலம் ஏழு.

"எழுதிக்கிட்டியா? அப்ப கிளம்பலாம்" என்றார் அப்பா.

கோட்டான் அசையவில்லை. தட்டையே பார்த்தாள். எண்களைக் கொண்டுபோகலாம். ஆனால் எண்கள் எதிலும் முட்டிக்கொள்ளாது. பேட்டரி முட்டிக்கொள்ளும்.

"அப்பா, என் செருப்பு வந்த அட்டைப் பெட்டியாவது இருக்கா? அதையும் தள்ளிவிட்டுட்டீங்களா?"

"இருக்கு, இருக்கு" என்று அப்பா வெட்கத்தோடு எடுத்துவந்தார்.

அவள் அட்டையை வெட்டினாள். மடித்தாள், ஒட்டினாள். பதின்மூன்றரை நீளம், ஆறு அகலத்தில் ஒரு பேட்டரி தயாரானது. கனமில்லாத, ஆசிட் இல்லாத, செருப்பின் படம் போட்ட பேட்டரி. அதைத் தட்டில் வைத்தாள். பாதி போனது. பிறகு நின்றுவிட்டது.

டார்ச்சை வாங்கி உள்ளே பார்த்தாள். ஓர் ஓரத்தில் போல்ட்டின் தலை ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. அளவுகோல் அதற்கு மேலாகப் போயிருந்ததால் அது அவளுக்குத் தெரியவில்லை. அட்டை கண்டுபிடித்துவிட்டது.

பெட்டியைப் பிரித்து மறுபடி வெட்டினாள். பன்னிரண்டு நீளம். இந்தத் தடவை அது சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. ரப்பர் பட்டையை இழுத்து மாட்டினாள். உயரம் பதின்மூன்றுக்கு மேல் போனால் பட்டை எட்டாது என்பதும் தெரிந்தது.

அடுத்தது வயர்கள். ஒன்று கொஞ்ச தூரம் போய் வண்டியின் இரும்புச் சட்டத்தில் போல்ட்டோடு முடிந்தது. மைனஸ். இன்னொன்று ஒரு சின்ன ஃபியூஸ் பெட்டிக்குள் நுழைந்தது. பிளஸ். அந்த பிளஸ் வயர் குட்டையானது. அட்டைப் பேட்டரியின் வலது மூலையைத்தான் தொட்டது. இடது மூலைக்கு இழுத்துப் பார்த்தாள். ஒரு விரல் அளவு எட்டவில்லை.

வலது மூலையில் பெரிதாகக் கூட்டல் குறி போட்டாள். இடது மூலையில் கழித்தல் குறி.

"இனிமே வோல்ட்டுதானே? அதுக்கு வழி இருக்கு." அப்பா உள்ளே போய், வண்டியோடு வந்த பழைய கையேட்டை எடுத்துவந்தார். "இந்தா, போட்டிருக்கு பாரு. ஆறு வோல்ட். முடிஞ்சது வேலை."

கோட்டான் கையேட்டை வாங்கிப் பார்த்தாள். பேட்டரியின் படமும் இருந்தது. சதுரமான, குட்டியான பெட்டி. பிறகு வண்டிக்குள் இருந்த தட்டைப் பார்த்தாள். அது சதுரமாக இல்லை, நீளமாக இருந்தது. ஓரங்களில் யாரோ பற்றவைத்த தடம், ஆறிப்போன காயம் போல மேடு தட்டியிருந்தது.

அவள் வெகுநேரம் பேசவில்லை. அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. கோட்டானுக்கு அப்பாவை ரொம்பப் பிடித்த நிமிடம் அது.

"அப்பா, பல்புல வோல்ட் போட்டிருக்குமா?"

"வீட்டு பல்புல போட்டிருக்கும். வண்டி பல்புல..." அப்பா மோவாயைச் சொறிந்தார். "கழட்டித்தான் பாக்கணும்."

பின்விளக்கின் சிவப்பு மூடியில் இரண்டு திருகாணிகள். கோட்டான் அவற்றைக் கழற்றி, பல்பை மெதுவாக அழுத்தித் திருப்பி வெளியே எடுத்தாள். அதன் பித்தளைக் கழுத்தில் எறும்பு எழுதியது போல மிகச் சின்ன எழுத்துகள். சட்டை நுனியால் துடைத்தாள். 12 என்று இருந்தது.

பல்பைக் கைக்குட்டையில் முடிந்து பாவாடைப் பைக்குள் வைத்தாள். மூடியை மறுபடி திருகினாள். கையேட்டையும் அட்டைப் பேட்டரியையும் எடுத்துக்கொண்டாள். மணி இரண்டே கால்.

பஸ் வரத் தாமதமானது. கடைக்குள் நுழைந்தபோது மூன்று மணிக்கு ஏழு நிமிடம் இருந்தது.

அட்டைப் பேட்டரியைப் பார்த்ததும் கடைக்காரர் முகம் மலர்ந்தது. "இவ்வளவு லேசான பேட்டரிய நான் பாத்ததே இல்லை. சரி, வோல்ட்டு?"

"கையேட்டுல ஆறுன்னு இருக்குங்க" என்று அப்பா நீட்டினார்.

"நினைச்சேன். அந்தக் காலத்து வண்டி எல்லாமே ஆறுதான். அச்சடிச்ச புத்தகமே சொல்லுதே, அப்புறம் என்ன? ஆறையே எடுத்துடலாம்." அவர் அலமாரிப் பக்கம் திரும்பினார்.

பெரியவர்கள் இருவர். அச்சடித்த புத்தகம் ஒன்று. எதிரே அவள் பைக்குள் ஒரு சின்ன பல்பு. அவர் பேசி முடிக்கட்டும் என்று நின்றாள். உடனே காலையில் பார்த்த ஈர வட்டம் நினைவுக்கு வந்தது.

"ஆறு இல்லை" என்றாள்.

கடைக்காரர் திரும்பினார். அவள் கைக்குட்டையைப் பிரித்து, பல்பை மேசை மேல் வைத்தாள்.

"புத்தகம் வண்டி புதுசா இருந்தப்ப எழுதினது. பல்பு இப்ப வண்டியில இருக்கறது. இதுல பன்னிரண்டுன்னு போட்டிருக்கு. தட்டையும் யாரோ பெரிசா மாத்திப் பத்த வச்சிருக்காங்க."

கடைக்காரர் பல்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒரு ஆறு வோல்ட் பேட்டரியை எடுத்து, இரண்டு வயரால் பல்பைத் தொட்டார். உள்ளே ஒரு சிவப்புப் புழு போல மங்கலாக ஏதோ நெளிந்தது. பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் தொட்டார். பல்பு பளீரென்று எரிந்தது. மூவரும் கண்களைச் சுருக்கினார்கள்.

"யாரோ மாத்தியிருக்காங்க. வேலை தெரிஞ்சவங்கதான் செஞ்சிருக்காங்க" என்றார் கடைக்காரர். "ஆறைக் கொடுத்திருந்தா நாளைக்கு ஹார்ன் மறுபடியும் இருமியிருக்கும். போதாததுக்கு பேட்டரியும் வெந்துபோயிருக்கும்." அவர் பல்பை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். அவள் அதை மறுபடி முடிந்து பைக்குள் போட்டுக்கொண்டாள். அவருடைய பேனாவை வாங்கி, அட்டைப் பேட்டரியின் மேல் 12 என்று எழுதினாள்.

பன்னிரண்டு வோல்ட் வரிசையிலிருந்து ஒன்றை எடுத்து, அட்டைப் பேட்டரியின் பக்கத்தில் வைத்தார். நீளம் சரி. அகலம் சரி. உயரமும் சரி.

"இது இல்லை. பிளஸ் இடப்பக்கம் இருக்கு" என்றாள் கோட்டான்.

"கொஞ்சம் வயரை இழுத்துக் கட்டிக்கலாமே?"

"இழுத்துப் பாத்தேன். ஒரு விரல் எட்டலை."

"சரிங்க மேடம்." கடைக்காரர் ஏணி போட்டு ஏறினார். மேல்தட்டின் பின்னாலிருந்து தூசி படிந்த ஒரு பெட்டியை இறக்கினார். பிரித்து வைத்தார். கோட்டான் அட்டைப் பேட்டரியை அதன் அருகே தள்ளினாள். கூட்டலுக்கு நேராகக் கூட்டல். கழித்தலுக்கு நேராகக் கழித்தல்.

சுவர்க் கடிகாரம் மூன்று அடித்தது.

"சார்ஜ் போட்டு வைக்கறேன். காலைல எட்டு மணிக்குக் கடை திறந்ததும் வாங்க" என்றார் கடைக்காரர்.

மாலையில் அம்மா கைகளில் எண்ணெய்க் கறையோடு வந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கோட்டான் எதிரே போய் நின்றாள். தள்ளிப்போட்டால் வார்த்தைகள் உள்ளே போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

"நான் அப்பாகிட்ட சொல்லலைம்மா. அதனால பழைய பேட்டரி போயிடுச்சு. புதுசு சார்ஜ்ல இருக்கு."

அம்மா அவளைப் பார்த்தார். மேசை மேல் இருந்த அட்டைப் பேட்டரியைப் பார்த்தார். அதை எடுத்துக்கொண்டு வண்டியிடம் போனார். தட்டில் வைத்தார், பட்டையை மாட்டினார், வயர்களை ஒவ்வொன்றாகக் குறிகளின் மேல் வைத்துப் பார்த்தார்.

"மிஷின்ல பல்சக்கரம் தேஞ்சா எனக்குக் கண்ணுக்குத் தெரியும்" என்றார் அம்மா கடைசியில். "இந்தக் கரண்ட்டு கண்ணுக்குத் தெரியாது. அதான் எனக்கு எப்பவுமே பயம். பன்னிரண்டுன்னு எப்படிக் கண்டுபிடிச்சே? நாலு வருஷமா ஓட்டறேன், எனக்கே தெரியாதே."

கோட்டான் தோளைக் குலுக்கினாள். "பல்புல இருந்துச்சு."

"ஏன் காலைலயே சொல்லலைன்னு நான் கேக்கலை" என்றார் அம்மா. "நீயே உன்னைக் கேட்டு முடிச்சிருப்பே." பிறகு அவள் தலையைக் கையால் கலைத்துவிட்டார். எண்ணெய்க் கறை முடியில் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் காலை, ரொட்டிக் கடையிலிருந்து வரும் வழியில் அப்பா பேட்டரியை வாங்கிவந்தார். பஸ்ஸில் அதை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு வந்தாராம். "பக்கத்துல உக்காந்திருந்தவர், உள்ள என்ன குழந்தையான்னு கேட்டார்" என்று சொல்லிவிட்டு அப்படியே போய்ப் படுத்துக்கொண்டார்.

அம்மா பேட்டரியை உட்கார வைத்தார். கடைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கோட்டான் படித்தாள். முதலில் பிளஸ். கடைசியில் மைனஸ். ஆவி வெளியேறும் மூச்சுக்குழாய் கீழே போக வேண்டும். அம்மா ஒவ்வொன்றாகச் செய்தார். வயர்கள் பிடிவாதம் இல்லாமல் வந்து சேர்ந்தன.

"அழுத்து" என்றார் அம்மா.

கோட்டான் ஹார்ன் பொத்தானை அழுத்தினாள். காண்டாமிருகம் எப்படிக் கத்தும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. இப்போது தெரிந்தது. உள்ளே அப்பா கட்டிலிலிருந்து எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. முன்விளக்கு எரிந்தது. இண்டிகேட்டர்கள் கண் சிமிட்டின. மணி ஒன்பதே கால். இருவரும் ஏறிக்கொண்டு புறப்பட்டார்கள்.

வாகன அலுவலகத்தின் முற்றத்தில் பத்துப் பதினைந்து வண்டிகள் வரிசையில் நின்றன. காண்டாமிருகத்தின் முறை வந்தது. போன வாரம் பார்த்த அதே ஆய்வாளர், கையில் அட்டையும் பேனாவுமாக வந்தார். பொத்தானை அழுத்தினார். அடுத்த வரிசையில் நின்றவர்கள்கூட வழிவிட்டு விலகினார்கள்.

"போதும், போதும். போன வாரத்துக்கும் சேர்த்துக் கேட்டுட்டேன்" என்று எழுதிக்கொண்டார்.

முன்விளக்கு, சரி. இண்டிகேட்டர், சரி. கண்ணாடி, சரி. அவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் நடந்தார். "பிரேக்கை மிதிங்கம்மா, பின்விளக்கு எரியுதான்னு பாக்கறேன்."

நேற்று போட்டிருந்த அதே பாவாடைதான். கோட்டானின் கை தற்செயலாக அதன் பைக்குள் போனது. உள்ளே ஒரு கைக்குட்டை முடிச்சு. முடிச்சுக்குள் கெட்டியாக, உருண்டையாக ஒன்று.

நேற்று கழற்றிய பின்விளக்கு பல்பு. சிவப்பு மூடி போட்டிருந்ததால் உள்ளே காலியாக இருந்தது யாருக்கும் தெரியவில்லை.

முற்றத்தில் எத்தனை பேர் நின்றார்கள் என்று அவள் பார்க்கவில்லை. அம்மாவின் கால் பிரேக் மேல் இறங்கப் போனது.

"கொஞ்சம் இருங்க" என்றாள் கோட்டான். அவளே எதிர்பார்க்காத அளவுக்குச் சத்தமாக வந்தது. ஹார்னுக்குப் பிறகு அந்த முற்றத்தில் கேட்ட பெரிய சத்தம் அதுதான். ஆய்வாளர் நின்றார். அம்மாவின் கால் அந்தரத்தில் நின்றது.

"பல்பு என்கிட்ட இருக்கு."

அவள் முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். ஆய்வாளர் பல்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"பின்விளக்கைப் பையில போட்டுக்கிட்டா சுத்தறீங்க?"

"ஒரு நாளைக்கு மட்டும்தாங்க" என்றார் அம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "ரெண்டு நிமிஷம் கொடுங்க." கருவிப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். ஆனால் தானே குனியவில்லை. அதை மகளிடம் நீட்டினார்.

இரண்டு திருகாணி. அழுத்தி ஒரு திருப்பு. மறுபடி இரண்டு திருகாணி. அம்மா பிரேக்கை மிதித்தார். சிவப்பு வெளிச்சம் கோட்டானின் முகம் முழுக்கப் பரவியது.

ஆய்வாளர் அட்டையில் கடைசிக் கட்டத்தையும் நிரப்பி, முத்திரை குத்தினார். "அடுத்த தடவையும் இந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வாங்க. உதிரி பாகம் எல்லாம் அவகிட்டதான் இருக்கும் போல."

திரும்பும் வழியில் கோட்டான் பின்சீட்டில் அம்மாவின் முதுகில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள். எஞ்சின் மட்டும் பேசிக்கொண்டு வந்தது.

மேம்பாலத்தின் உச்சியில் ஒரு வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. அம்மா ஹார்னை ஒரு முறை நீளமாக அழுத்தினார்.

ஏன் என்று கோட்டான் கேட்கவில்லை. இறக்கத்தில் கையை நீட்டி, தானும் ஒரு முறை அழுத்தினாள்.